கம்பஸுக்கும் கூடவே வரும் ஊர்

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கல்லடிக் கடற்கரையில் சிநேகிதிகளோடு எடுத்த படத்தை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் செய்கிற வேலையைக் கவனித்தால் நான் சொல்ல வரும் விடயத்தின் வேர் தெரியும். படத்தைத் தெரிவு செய்ததும் அவள் போவது தனியுரிமைப் பகுதிக்கு. யாருக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு பெயராகத் தொடுகிறாள். பெரியப்பா, சுவிஸில் இருக்கும் மாமா, கோயில் நிர்வாகக் குரூப்பில் இருக்கும் அயல்வீட்டு அண்ணன், உயர்தரத்துக்குப் படிப்பித்த டியூசன் சேர், விடுதியில் மேல்மாடியில் இருக்கும் சீனியர் அக்காமார். அத்தனை பேரையும் மறைத்த பிறகும் மனம் கேட்காது. ஒரு சிநேகிதி ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டால் என்ன செய்வது? ஓரத்தில் நிற்கும் வகுப்புத் தோழனின் தோள் தெரிகிறது, அதை வெட்டுகிறாள். பிறகுதான் படம் மேலேறுகிறது. அடுத்த நாள் அது தானாக மறையும் வரைக்கும் யார் யார் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சமூக ஊடகம் பற்றி நம் பகுதியில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். போன் கைக்கு வந்ததும் பிள்ளைகள் தலைகீழாக மாறிவிடுகிறார்கள், உடுப்பு மாறுகிறது, பேச்சு மாறுகிறது, ஊர் வழக்கம் மறந்துபோகிறது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். பட்டிமன்றங்களில் இதே தலைப்பு. பாடசாலை மேடைகளில் இதே அறிவுரை. எனக்குத் தோன்றுவது இதற்கு நேரெதிரானது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள் என்பதற்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மாறிப் பார்க்க அவர்களுக்கு இடமில்லாமல் போகிறது என்பதற்காகவே கவலைப்பட வேண்டும். இளமையின் தொடக்கத்தில் ஒருவர் தான் யார் என்று தேடிப் பார்ப்பதற்குச் சமூகம் ஒரு தவணை கொடுக்க வேண்டும் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதினார். அந்தத் தவணைக் காலத்தில் ஒரு கொள்கையைப் பிடித்து விட்டுவிடலாம், ஒரு கூட்டத்தில் சேர்ந்து விலகலாம், ஒரு தோற்றத்தைப் போட்டுப் பார்த்துக் கழற்றலாம், யாரும் அதைக் கணக்கில் வைக்கமாட்டார்கள். நம் நாட்டில் உயர்தரப் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளி வந்து, அனுமதி கிடைத்து வளாகத்துக்குள் காலடி வைப்பதற்கே ஒன்றிரண்டு வருடங்கள் போய்விடுகின்றன. மிஞ்சுகிற குறுகிய தவணையையும் கைப்பேசி எப்படி விழுங்குகிறது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

பல்கலைக்கழகம் இந்தப் பிரதேசத்துக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1981 ஓகஸ்ட்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த நிறுவனம் அது. 1990 செப்டம்பரில் அதே வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். 2006 டிசம்பரில் அதன் உபவேந்தராயிருந்த பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். இவ்வளவுக்கும் இடையில் அந்த வளாகம் அழியாமல் நின்றது என்பதே பெரிய விடயம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, தோணியிலும் படகுப் பாதையிலும் வாவியைக் கடந்தே பெரும்பாலும் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்தாள். அந்தக் கடப்பில் ஊர்க்கண்ணிலிருந்து ஒரு விடுதலையும் இருந்தது. ஊரில் அவள் இன்ன குடி, இன்னாருடைய மகள், இன்ன கோயிலுக்கு உரியவள். வளாகத்தில் அவள் விவசாய பீடத்து மாணவி, அவ்வளவுதான். தாய்வழிக் குடிமுறை இன்னும் திருமணத்திலும் கோயில் உரிமையிலும் பேசுகிற ஒரு பிரதேசத்தில், குடி கேட்காத ஓர் இடம் கிடைப்பது சின்ன விடயமல்ல. விடுதி அறையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையும் சேர்ந்திருக்கிறார்கள். விரிவுரை மண்டபத்தில் காத்தான்குடியும் ஏறாவூரும் அநுராதபுரமும் பக்கத்துப் பக்கத்து வாங்குகளில் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் வீட்டில் ஒருவராகவும் வளாகத்தில் இன்னொருவராகவும் இருந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலேதான் வளர்ந்தார்கள்.

இந்த இடைவெளியைச் சமூக ஊடகம் மூடிய விதத்தை அதன் வரலாறே காட்டுகிறது. முகநூல் 2004 பெப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்காக, அவர்களுக்குள் மட்டும் தொடங்கப்பட்டது. கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர் உள்ளே வர முடியாது. தாய் தகப்பனுக்கு இடமில்லை. 2006 செப்டம்பரில் கதவு எல்லாருக்கும் திறந்தது. அன்றிலிருந்து ஒரு மனிதர் தன் வாழ்வில் தனித்தனியாக வைத்திருந்த சபைகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் வந்து அமர்ந்துவிட்டன. எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950களில் எழுதியது போல, மனிதர் ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு முகம் காட்டுகிறார். அதில் பொய் இல்லை, நாகரிகம் இருக்கிறது. ஆசிரியர் முன் பேசுவது போல யாரும் மச்சானோடு பேசுவதில்லை. சபைகள் ஒன்றாகிவிட்டால் ஒரே ஒரு முகம்தான் காட்ட முடியும். அது எந்த முகமாக இருக்கும்? மிகக் கண்டிப்பான பார்வையாளருக்குப் பிடித்த முகமாகத்தான் இருக்கும்.

தமிழர் வாழ்விலிருந்தே இதற்கு ஆதாரம் உண்டு. மானிடவியலாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகில் ஐந்து கிராமங்கள் சேர்ந்த ஒரு பகுதியில் தங்கி ஆய்வு செய்து, அதற்குப் பஞ்சகிராமி என்று புனைபெயரிட்டு 2017இல் ஒரு நூல் எழுதினார். ஊருக்குள் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்திருந்தது, கையில் புதிய போன் வந்திருந்தது. ஆயினும் முகநூலில் மக்கள் காட்டிக்கொண்டது பெரும்பாலும் தம் உறவும் சமூகமும் வர்க்கமும் எதிர்பார்க்கிற தோற்றத்தைத்தான். பொதுவில் போடுகிற படம் ஊர் நியாயத்துக்கு இசைவாக இருந்தது. அதற்கு மாறானவை மூடிய குரூப்புகளுக்குள் ஒதுங்கின. இளம் பெண்களின் போன் குடும்பத்தின் கண்காணிப்பில் இருந்தது. ஊடகம் புதியது, அதை ஆள்கிற சட்டம் பழையது. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலர் தங்கள் புரொபைலில் முகத்துக்குப் பதிலாகப் பூவையோ குழந்தையையோ சினிமா நடிகையையோ வைத்திருப்பதும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான். முகத்தைப் போட்டால் யாரோ எடுத்து வெட்டி ஒட்டிப் போலிக் கணக்குத் திறப்பார்கள்; அந்த அவமானத்துக்கு விலை கொடுப்பது எடுத்தவன் அல்ல, படத்தில் இருந்தவள்தான். ஆண் பிள்ளை தவறாக ஒரு பதிவு போட்டால் இரண்டு நாள் கதை. பெண் பிள்ளை போட்டால் கலியாணப் பேச்சு வரைக்கும் அது போகும்.

வாழ்க்கைப் பாங்கைப் பார்ப்போம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இப்படியான ஒரு தொகையோடு விடுதிச் சாப்பாடும் பஸ் காசும் போட்டோகொப்பியும் நடக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா வீழ்ந்தபோது போன் விலை எகிறியது. 2024 ஜனவரியிலிருந்து போனுக்கு 18 சதவீத வற் வரியும் சேர்ந்தது. ஆனாலும் டேட்டாவுக்கு ரீலோட் போடாத மாணவர் இல்லை, தவணை முறையில் போன் எடுக்காத விடுதி அறையும் குறைவு. இது ஆடம்பரம் என்று திட்டுவது நியாயமல்ல. 2020இல் பெருந்தொற்று வந்து வளாகங்கள் மூடப்பட்டபோது படிப்பு முழுவதும் கைப்பேசிக்குள் போனது. அன்றிலிருந்து விரிவுரை நேரமாற்றமும் ஒப்படைக் கெடுவும் பட்ச் குரூப்பில்தான் வருகின்றன. போன் இல்லாத பிள்ளை வகுப்பில் இல்லாத பிள்ளைதான். ஆனால் அதே போனில்தான் பிறந்தநாள் கேக் வெட்டு, சாரி தினம், பட்ச் டீசேர்ட், பாசிக்குடா ட்ரிப், பட்டமளிப்புக்கு முந்திய படப்பிடிப்பு எல்லாம் வரிசையாக ஓடுகின்றன. ஒரு காலத்தில் கேக் வெட்டியவர்களுக்கு மட்டும் தெரிந்த பிறந்தநாள், இன்று வெட்டாதவர் எல்லாருக்கும் தெரிகிறது. தாய் சவூதியில் வீட்டுவேலை செய்து அனுப்பும் காசில் படிக்கிற பிள்ளையும், தகப்பன் வாவியில் வலை வீசிப் படிப்பிக்கிற பிள்ளையும் அந்த வரிசையில் தம் பங்குக்கு ஒரு படம் போட்டாக வேண்டியிருக்கிறது.

இது மனதில் என்ன செய்கிறது என்பதற்கு ஊகம் தேவையில்லை. முகநூல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போனது. பொருளியலாளர்கள் பிராகியெரி, லெவி, மகாரின் மூவரும் அதைப் பயன்படுத்தி, 775 கல்லூரிகளில் முகநூல் வந்த காலத்தையும் மாணவர்களின் மனநல மதிப்பீடுகளையும் ஒப்பிட்டு 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகநூல் வந்த கல்லூரிகளில் கடுமையான மனச்சோர்வு 7 சதவீதமும் பதகளிப்புக் கோளாறு 20 சதவீதமும் கூடியிருந்தன. காரணத்தை அவர்கள் தேடியபோது முதன்மையாகக் கிடைத்தது ஒப்பீடு: மற்றவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாக வாழ்கிறார்கள் என்ற எண்ணம். இந்தப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்ததும் அந்த ஒப்பீட்டில் தாழ்ந்துபோகக் கூடிய மாணவர்களிடம்தான். வளாகத்துக்கு வெளியே வாடகை அறையில் இருப்பவர்களும், வசதி குறைந்தவர்களும் அவர்களுள் அடங்குவார்கள். மாணவர்கள் பலர் வெளியறைகளில் தங்கி, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வருகிற ஒரு பிரதேசத்துக்கு இந்த முடிவு அமெரிக்காவை விடவும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பகிடிவதையும் இதே வழியில் உருமாறியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. ஆனாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப்புடன் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், அரச பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாய்மொழிப் பகிடிவதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். முன்பு பகிடிவதைக்கு நேரமும் இடமும் இருந்தது. மரத்தடியைத் தாண்டிவிட்டால், வாரவிடுமுறைக்கு வீடு போய்விட்டால் மூச்சு விடலாம். இப்போது அனுமதிக் கடிதம் வந்தவுடனேயே ஒரு குரூப்பில் சேர்க்கப்படுகிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வரும். புரொபைல் படத்தை மாற்று என்பார்கள், இன்னாருடைய படத்துக்கு லைக் போடு என்பார்கள், பேசியதைப் பதிந்து அனுப்பு என்பார்கள். 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சியில் இயங்கும் பீடத்தில் புதுமுக மாணவிகள் தொலைபேசி வழியே தொந்தரவு செய்யப்பட்ட செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. பேசிப் பேசியே ஓய்ந்தும் போனது. இளைய மாணவியின் எண்ணைக் கேட்பதே ஒரு வதை என்று இன்னும் நம் வளாகங்களில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

எல்லாவற்றையும் விட இந்த வாவிப் பிரதேசத்துக்குப் பெருந்தீங்கு செய்தது இன அடையாளத்தின் இறுக்கம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 72 சதவீதம், முஸ்லிம்கள் ஏறத்தாழ 25 சதவீதம். கரையோரத்தில் ஒரு தமிழ் ஊர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும்; புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இரு தரப்பாரும் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தப் பேச்சுக்கு அடியில் 1990இன் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும், அந்த வருடத்திலேயே தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளும் ஆறாமல் கிடக்கின்றன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற பொய் போனில் பரவிப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகன முஸ்லிம் எதிர்ப்பு வன்முறையில் எரிந்தது, அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஷண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய விவகாரம், ஒரு பாடசாலைக்குள் பேசித் தீர்த்திருக்கக் கூடிய விடயம், முகநூல் வழியே தமிழ் முஸ்லிம் சண்டையாகியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின்போது, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து 30க்கு மேற்பட்டோர், அவர்களுள் பல சிறுவர்கள், கொல்லப்பட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த ஒரு தமிழ் மாணவரையும் ஒரு முஸ்லிம் மாணவரையும் நினைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒருவருக்கொருவர் குறிப்பேடு கொடுக்கிறார்கள். போனில் அவரவர் ஊர்க் குரூப், அவரவர் வெளிநாட்டு உறவினர், அவரவர் சமயத் தலைவர்கள் கேட்கிறார்கள்: நீ எந்தப் பக்கம்? ஒரு பதிவு போட வேண்டும், ஒரு படச்சட்டத்தை மாட்ட வேண்டும், யாரையோ கண்டிக்க வேண்டும். போடாமல் இருப்பதும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்படும். நேரில் பேசினால் தயங்கி, யோசித்து, நடுவில் கருத்தை மாற்றிக்கொண்டு பேசியிருக்கக் கூடியவர்கள், எழுத்தில் தம் சமூகத்தின் பேச்சாளர்களாகிறார்கள். எழுதியது கிடக்கும், நாளைக்கு மனம் மாறினாலும் அதன் ஸ்கிரீன்ஷொட் மாறாது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை ஒரு முழு இனத்தின் பிரதிநிதியாக நிற்க வைப்பதுதான் இந்த ஊடகம் செய்கிற கொடுமை. அதிலே அரசின் கண்ணும் சேர்ந்துகொள்கிறது. சமாதானத்துக்காக முகநூலில் எழுதி வந்த ரம்சி ராசிக் 2020 ஏப்ரலில் ஒரு பதிவுக்காகக் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 மே 18இல் மட்டக்களப்பு கிரானில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்த 10 பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். நினைவேந்தல் படம் பகிர்ந்ததற்காகவும் இளைஞர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. தாய் தகப்பன் பிள்ளைக்கு, கம்பஸில் படி, ஒன்றும் எழுதாதே என்று சொல்லி அனுப்புவது கோழைத்தனத்தினால் அல்ல, அனுபவத்தினால்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும் கூட. முதலாவது, சமூக ஊடகம் ஒடுக்கப்பட்டவருக்குக் குரல் கொடுத்தது என்பது. உண்மைதான். மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் கூத்தர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் போன்ற முயற்சிகளை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க முடிகிறது. வடமோடிக் கூத்தாட்டத்தை ஒரு மாணவன் பதிந்து போட்டால் லண்டனிலிருக்கும் வந்தாறுமூலைக்காரர் கண்ணீர் விடுகிறார். 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் இருந்த சத்தியாக்கிரகம் வெளியில் தெரிந்ததில் முகநூலுக்குப் பங்குண்டு. 2022இல் காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்களைத் திரட்டியதும் அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் அரசாங்கம் அதை முடக்கி ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் திறந்துவிட்டது. குவைத்திலிருக்கும் தாய் தன் பிள்ளையின் முகத்தை இமோவில் தினமும் பார்ப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இந்த உதாரணங்களில் பொதுவாக இருப்பது என்னவென்று பாருங்கள். சொல்ல ஒரு விடயம் ஏற்கெனவே கையில் இருந்தவர்கள், தம்மை யாரென்று அறிந்தவர்கள், ஒரு கூட்டமாக நின்றவர்கள் இந்த ஊடகத்தால் பலன் பெற்றார்கள். குரல் உள்ளவருக்கு அது ஒலிபெருக்கி. தன் குரல் எதுவென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒலிபெருக்கி உதவாது. அதற்குத் தேவை யாரும் கேட்காத ஓர் அறை.

இரண்டாவது மறுப்பு, பாதிப்பு மிகைப்படுத்தப்படுகிறது என்பது. ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 2019இல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பாவனை விளக்குகிறது என்று காட்டினார்கள். நேர்மையான ஆய்வு, பெற்றோரின் பீதிக்கு நல்ல மருந்து. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பாவனையையும் சராசரியாக்கிய கணக்கு. தனியறையில் ரீல்ஸ் பார்த்துப் பொழுது போக்குகிற ஒருவனும், குடும்பம் முழுவதும் பார்க்கிற ஸ்டேட்டஸுக்குப் பயந்து படம் வெட்டுகிற ஒருத்தியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். எத்தனை மணி நேரம் என்பதை அளந்தால் என் வாதத்துக்குரிய விடயம் அகப்படாது. யார் பார்க்கிறார்கள் என்பதை அளக்க வேண்டும். 2018இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு செய்த பரிசோதனையில், மூன்று வாரம் பாவனையை நாளுக்கு ஏறத்தாழ அரை மணியாகக் குறைத்தவர்களிடம் தனிமையுணர்வும் சோர்வும் குறைந்தன. ஓர் ஊடகத்திலிருந்து சற்று விலகினால் தனிமை குறைகிறது என்றால், அந்த ஊடகம் தந்த கூட்டம் எத்தகையது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது: ஊர்க்கண் எப்போதும்தான் இருந்தது; வேண்டாதவரை மறைத்துவிட்டால் போயிற்று, இரண்டாவது கணக்குத் திறந்தால் போயிற்று. ஊர்க்கண் இருந்தது, ஆனால் அது வாவியைக் கடந்து வரவில்லை, வந்தாலும் மறந்தது. வதந்தி வாயில் தேய்ந்துபோகும், படம் தேய்வதில்லை. ஒளித்து வைத்த இரண்டாவது கணக்கோ தவணை ஆகாது. அதில் எந்நேரமும் பிடிபடும் பயம் இருக்கிறது, பயத்தோடு செய்து பார்ப்பதில் வளர்ச்சி இல்லை. பிடிபட்டால் அதை வைத்தே மிரட்டுவதற்கு ஆளிருக்கிறார்கள். மறைக்கிற பொறுப்பு முழுவதையும் பிள்ளையின் விரலில் போட்டுவிட்டு, பார்க்கிற நாங்கள் பொறுப்பில்லாமல் இருப்பது என்ன நியாயம்?

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற பிள்ளையின் வாழ்வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலக் கல்வி கற்று விஞ்ஞான ஆசிரியரானார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பிரபோத சைதன்யர் ஆனார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். பிறகும் ஓயவில்லை. கல்லடியில் சிவானந்த வித்தியாலயம், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவி, கடைசியில் 1947இல் யாழ் நூல். ஒரு மனிதர் இத்தனை தடவை தன்னைத் திருத்தி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னைய கோலத்தின் படத்தைத் தூக்கிக் காட்டி, அன்று இப்படிச் சொன்னாயே என்று கேட்க ஆயிரம் பேர் இருந்திருந்தால், அவர் எந்தக் கோலத்தில் நின்றுவிட்டிருப்பார்? அவர் பெயரில் இயங்கும் கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று ஆடவும் பாடவும் வரையவும் பயிலும் பிள்ளைகளுக்கு, பிழையாக ஆடிப் பார்க்கும் சுதந்திரம், பிழையாகச் சிந்தித்துப் பார்க்கும் சுதந்திரம் அதே அளவுக்கு வேண்டும். கலைப் பயிற்சியே பார்வையாளரில்லாத ஒத்திகையில்தான் நடக்கிறது. கூத்துப் பழகத் தொடங்கியதுமே அண்ணாவியார் சதங்கை கட்ட விடமாட்டார். மாதக்கணக்கில் பழக்கிவிட்டுத்தான் சதங்கையணி விழா வைப்பார்.

தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடையை 2018இலும் 2019இலும் 2022இலும் அரசாங்கம் போட்டுப் பார்த்தது. விபிஎன் போடத் தெரியாத பிள்ளையே இல்லை என்பதுதான் அதன் பலன். செய்யக் கூடியவை சிறியவை, ஆனால் நம் கையிலேயே இருப்பவை. பல்கலைக்கழக நிர்வாகம் தன் உத்தியோகபூர்வ அறிவித்தலைப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் கற்றல் தளத்திலும் போட வேண்டும். பட்ச் குரூப்பை அறிவித்தல் பலகையாக்கி, சேராதவர் படிக்க முடியாது என்ற நிலையை உண்டாக்கக் கூடாது. புதுமுக மாணவரின் எண்ணைக் கேட்டு வாங்குவதும் குரூப்பில் வலிந்து சேர்ப்பதும் பகிடிவதை முறைப்பாட்டில் தனித் தலைப்பாக வர வேண்டும். பீடங்கள் தங்கள் விழாப் படங்களைப் பொதுப் பக்கத்தில் ஏற்றும் முன் படத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் கலந்து பேசும் அமர்வுகள் படமெடுக்காமல், நேரலை போடாமல், அறிக்கை எழுதாமல் நடக்க வேண்டும். நன்கொடை நிறுவனங்கள் படம் கேட்டால் இல்லை என்று சொல்ல விரிவுரையாளர்களுக்குத் துணிவு வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கும் புலம்பெயர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகளின் கம்பஸ் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, இது யார் பக்கத்தில் நிற்பது என்று கேட்கிற மாமாமாரே, மாமிமாரே, பெரியப்பாமாரே, அதை இன்றோடு நிறுத்துங்கள்.